அம்மாவோட அஞ்சறைப்பெட்டிய வரையும்போது அழுகை வருது, நிறுத்திடவா?

மஞ்சள்கறை:
அம்மா போயி எட்டு மாசம் ஆச்சு. போன மாசம் சும்மா வாட்டர்கலர் எடுத்து அவங்க அஞ்சறைப்பெட்டிய வரைய ஆரம்பிச்சேன், கடுகு சீரகம் வரைக்கும் நல்லாத்தான் போச்சு, மஞ்சத்தூள் கிண்ணத்துக்கு வந்தப்ப அவங்க விரல் நுனில எப்பவும் இருக்குற அந்தக் கறை ஞாபகம் வந்து உடைஞ்சு போயிட்டேன், கண்ணீர் பேப்பர்ல சொட்டி கலர் அப்படியே பூ மாதிரி விரிஞ்சிடுச்சு. கூத்து என்னன்னா அது பாக்க அழகா இருந்துச்சு. ஒரு நிமிஷம் சந்தோஷம், அடுத்த நிமிஷமே ச்சீ அம்மா சாவுல படம் நல்லா வந்துச்சுன்னு குஷியான்னு என் மேலயே கோவம். வீட்டுக்காரர் எதுக்கு இத கிளறிட்டு இருக்கங்கறார். நிறுத்திடவா? தங்கச்சிக்கு காட்டலாமா?

ஈரத்தூரிகை:
கலர் அரைகுறையா காஞ்சப்ப தண்ணி சொட்டுனா அப்படித்தான் விரியும், பேக்ரன்னு சொல்லுவாங்க. துடைக்காதீங்க, துடைச்சா பேப்பர் உரிஞ்சு அசிங்கமாயிடும். மத்த கேள்விக்கு எனக்கு பதில் தெரியலங்க.

கரிசக்காட்டான்:
எங்க அப்பத்தா ஊர்ல எந்த எழவுன்னாலும் போயி ஒப்பாரி வைக்கும். செத்தது யாரோ, ஆனா பாட்டுல பாதி தன் புருசன் கதைதான். பாடி முடிச்சு முந்தானைல மூஞ்ச தொடச்சுகிட்டு, இன்னிக்கு ராகம் நல்லா நின்னுச்சுல்லன்னு பக்கத்துல கேக்கும். யாரும் தப்பா எடுத்ததில்ல. நீங்க சந்தோஷப்பட்டதும் அதே மாதிரிதான்க்கா.

பழையபென்சில்:
கேத்தே கோல்விட்ஸ்னு ஒரு ஜெர்மன் ஓவியர். பதினெட்டு வயசு மகன் பீட்டர் போருக்கு போகணும்னான், அப்பா ஒத்துக்கல, இந்தம்மாதான் பேசி சம்மதிக்க வச்சாங்க. 1914 அக்டோபர்ல பெல்ஜியத்துல செத்துட்டான். அந்தக் குத்த உணர்ச்சிய யோசிச்சுப் பாருங்க. அவனுக்கு ஒரு நினைவுச்சின்னம் செய்ய ஆரம்பிச்சு, முடியாம 1919ல விட்டுட்டாங்க, பல வருஷம் கழிச்சு மறுபடி தொட்டு 1932லதான் முடிச்சாங்க. மொதல்ல மகன் உடம்பு படுத்திருக்கற மாதிரிதான் யோசனை, கடைசில மகனே இல்ல, மண்டி போட்ட அப்பா அம்மா மட்டும், தனித்தனியா. இப்ப பெல்ஜியத்துல விளாட்ஸ்லோ கல்லறைல இருக்கு. அதனால தாங்கலன்னா மூடி வைங்க, அது எங்கயும் போயிடாது. ஆனா வீட்டுக்காரர் சொன்னாருன்னு நிறுத்தாதீங்க. இன்ஸ்டால மட்டும் இப்போதைக்கு போடாதீங்க, எவனாவது கம்பொசிஷன் சரியில்லம்பான், உங்களால தாங்க முடியாது.

மஞ்சள்கறை:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி தங்கச்சிக்கு போட்டோ அனுப்புனேன், ரொம்ப நேரம் டைப்பிங் டைப்பிங்னே காட்டுச்சு, அப்புறம் "வெந்தயம் இருக்க வேண்டிய எடத்துல சீரகத்த போட்டிருக்க, அம்மா பாத்தா திட்டியிருப்பாங்க"ன்னு வந்துச்சு. கால் பண்ணி ரெண்டு பேரும் சிரிச்சோம், அப்புறம் அவ போன வைக்காம அழுதுகிட்டே இருந்தா, நானும் வைக்கல. மாத்தி வரையணும், யெல்லோ ஓக்கர் கலர் வேற தீந்து போச்சு.