மறு: ‘படத்தை இவ்வாறு சேமி’ – எவ்வாறு?

நண்பர்களுக்கு வணக்கம்.

இணையப் பக்கத்தில் ஒரு படத்தின் மேல் வலச்சொடுக்கினால் (ரைட் கிளிக்) வரும் ‘சேவ் இமேஜ் ஆஸ்’ வரிக்கு ‘படத்தை இவ்வாறு சேமி’ என்ற தமிழாக்கமே போதும் என்று இந்தக் குழுவில் எழுதியிருந்தார்கள். தங்கச்சிமடத்தில் என் ஸ்டுடியோ கணினியைத் தமிழுக்கு மாற்றிய அன்றே, உதவிக்கு இருக்கும் பையன் அதைப் பார்த்துவிட்டு, “எவ்வாறுண்ணே?” என்றான். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டான். ‘இவ்வாறு’ என்றால் எதையாவது காட்டியிருக்க வேண்டும். இங்கே எதுவும் காட்டவில்லை. சொடுக்கிய பிறகு பெட்டி திறந்து, என்ன பெயர், எந்த வகைக் கோப்பு என்று நம்மைத்தான் கேட்கிறது.

‘சேவ்’ என்பதற்குக் ‘காப்பாற்று’ என்றும் வேண்டாம். கடலோரத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது.

வெறும் ‘சேமி’க்கும் (சேவ்) பெயர் கேட்டுச் சேமிப்பதற்கும் (சேவ் ஆஸ்) உள்ள வேறுபாட்டில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1964 புயலுக்கு முன் தனுஷ்கோடி ரயில் நிலையத்தில் தாத்தா நிற்கும் படம் ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார். பெரிதாக ஸ்கேன் செய்து வைத்தேன். வாட்ஸப்பில் அனுப்பச் சின்னதாக்கிய பையன், வெறும் ‘சேமி’யை அழுத்திவிட்டான். பெரிய கோப்பின் மேலேயே சின்னது உட்கார்ந்துவிட்டது. பெயர்ப்பலகை எழுத்தெல்லாம் எண்ணெய்த் திட்டு போல ஆகிவிட்டது. மூலப்படம் அதற்குள் ஊருக்குப் போய்விட்டது. கருவாட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் மீனாகிவிடுமா? (சின்னதாக்காவிட்டாலும் ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நுணுக்கம் போகும். பிஎன்ஜி வகைப் படக்கோப்பில் அந்தத் தொல்லை இல்லை.)

‘வேறு பெயரில் சேமி’ இந்த இடத்துக்குப் பொருந்தும், சரி. ஆனால் இணையப் பக்கத்தில் இருக்கும் படம் இன்னும் நம் கைக்கே வரவில்லை. அதற்கு ஏது ‘வேறு’ பெயர்? அதனால் நான் சொல்வது ‘பெயரிட்டுச் சேமி’. முதல் தடவைக்கும் பொருந்தும், நகலுக்கும் பொருந்தும். கோப்பின் வகை இதில் அடங்கவில்லையே என்பீர்கள். அதைப் பெட்டியே கேட்டுக்கொள்ளும்.

அப்புறம் ஒற்று. ‘படத்தை சேமி’ என்றே பல இடத்தில் கிடக்கிறது. இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும், ஆகவே ‘படத்தைச் சேமி’. ‘பெயரிட்டு’ வன்தொடர்க் குற்றியலுகர வினையெச்சம், அங்கேயும் ‘ச்’ வரும். முழு வரி: ‘படத்தைப் பெயரிட்டுச் சேமி’.

நிரலர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பெயர்ச்சொல்லைத் தனியாகவும் ‘சேமி’யைத் தனியாகவும் கொடுத்து ஒட்டச் சொன்னால், இந்த ‘ப்’பையும் ‘ச்’சையும் யார் போடுவது? படம், பக்கம், இணைப்பு மூன்றுக்கும் முழு வரியாகவே கொடுத்துவிடுங்கள். மூன்றையும் நானே எழுதி அனுப்புகிறேன்.