கல்யாண அழைப்பிதழில் போடோனி: மெல்லிய கோடுகள் அச்சில் காணாமல் போகின்றன

காத்ர்போர்ன்_அக்கா:
வணக்கம். தம்பி கல்யாணத்துக்கு அழைப்பிதழை நானே வடிவமைக்கிறேன். பிரெஞ்சுக்கு போடோனி மோடா எழுத்துரு, தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துரு. கரு மெரூன் பின்னணியில் வெள்ளை எழுத்து. 40 பாயிண்டில் மணமக்கள் பெயர் அவ்வளவு அழகாக வந்திருக்கிறது. கீழே 8 பாயிண்டில் முகூர்த்த விவரம்தான் பாழ். பிரெஞ்சு வரியில் சின்ன 'ஈ'யின் (e) நடுக்கோடு அழிந்து 'சீ' (c) மாதிரி நிற்கிறது. 'திருமணம்' என்பதில் ண துண்டு துண்டாகத் தெரிகிறது. திரையில் எல்லாம் சரியாக இருக்கிறது. எழுத்தைச் சுற்றி 0.25 பாயிண்ட் ஓரக்கோடு போட்டுப் பார்த்தேன், எழுத்து வீங்கிவிட்டது. வேறு எழுத்துருவுக்குப் போக மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பொபாசன்_தம்பி:
அக்கா, எழுத்தைத் தடிமனாக்கிப் பாருங்களேன்?

ஈயஎழுத்து:
வேண்டாம் தம்பி. தடிமனாக்கினால் தடித்த கால்கள்தான் இன்னும் தடிக்கும், மெல்லிய கோடு பெரும்பாலும் மெல்லியதாகவே இருக்கும். போடோனியின் அழகே அந்த ஏற்றத்தாழ்வில்தான்.

அம்மா, மெல்லிய கோடு எழுத்தளவில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 பாயிண்டில் அது 0.8 பாயிண்ட். 8 பாயிண்டில் வெறும் 0.16! அதோடு மெரூன் நான்கு மைகள் சேர்ந்து வருகிற நிறம். ஒரு மையின் அச்சுத் தகடு மயிரிழை விலகினாலும் மை அந்த வெள்ளைக் கோட்டுக்குள் விழுந்துவிடும். திரையில் மை பரவுவதில்லை, அதனால்தான் அங்கே தெரியவில்லை.

இத்தாலியின் பார்மாவில் இந்த எழுத்துக்குப் பெயர் தந்த ஜியாம்பத்திஸ்தா போடோனியும் பாரிசில் ஃபிர்மேன் திதோவும் வேலை செய்த காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் அச்செழுத்தைத் தனியாக வெட்டினார்கள். சின்ன அளவில் மெல்லிய கோடு கொஞ்சம் தடிப்பாக, எழுத்துகள் கொஞ்சம் தள்ளி. உங்கள் எழுத்துருவிலும் அந்த வசதி இருக்கிறது. அளவுக்கேற்ப எழுத்தின் வடிவத்தை மாற்றும் 'ஆப்டிகல் சைஸ்' என்ற அமைப்பு அது, 6 முதல் 96 வரை நகரும். இப்போது எதில் வைத்திருக்கிறீர்கள்?

காத்ர்போர்ன்_அக்கா:
ஐயா, எல்லா வரிக்கும் 96! பெயருக்கு அழகாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன்.

ஈயஎழுத்து:
அதுதான் கோளாறு. பெயரை அப்படியே விடுங்கள். சின்ன வரிகளுக்கு 8 வையுங்கள், ஓரக்கோட்டை எடுத்துவிடுங்கள், எழுத்திடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள். முடிந்தால் மெரூனை ஒரே தனி மையாக அடிக்கச் சொல்லுங்கள்.

ரோஸ்ஹில்_வாத்தியார்:
தமிழ் வரிக்கு ஒரு வார்த்தை. நோட்டோ செரிஃப் தமிழில் 'லைட்' என்ற மெல்லிய வகையைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 'மீடியம்' போடுங்கள். இரண்டு மொழிக்கும் பாயிண்ட் எண் ஒன்றாக இருந்தால் போதாது. ண, ஞ, ஜ போன்ற சுழி எழுத்துகளுக்கு மூச்சுவிட இடம் வேண்டும், தமிழை அரை பாயிண்டாவது கூட்டுங்கள். பிரெஞ்சு பளிச்சென்று இருந்து தமிழ் மங்கினால் பெரியவர்கள் மனம் நோகும். 1998இல் நம் மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் இந்திக்குக் கீழே போனதற்கே அந்தத் தாள்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது.

காத்ர்போர்ன்_அக்கா:
இன்று புது ப்ரூஃப் (சோதனை அச்சு) வந்தது. சொன்னபடியே செய்தேன், தமிழ் 9 பாயிண்ட் மீடியம். தனி மைக்கு அச்சகம் ஒப்புக்கொள்ளவில்லை, நான்கு மையிலேயே அடித்தார்கள். இருந்தும் 'ஈ'யின் நடுக்கோடு நிற்கிறது, ண முழுசாக இருக்கிறது. அம்மா கண்ணாடி போடாமலே முகூர்த்த நேரத்தைப் படித்துவிட்டார். நாளைக்கு 300 கார்டு அடிக்கச் சொல்லியாச்சு. ரொம்ப நன்றி ஐயா, வாத்தியாருக்கும்.