பாய்க்கு எத்தனை பேர்? நேவல் ஆக்‌ஷனில் ஆட்பங்கீடும் கப்பலின் வேகமும்

வாடைக்காற்று (கேள்வி):

நேவல் ஆக்‌ஷன் என்ற பாய்க்கப்பல் போர்க் கணினி விளையாட்டில் அண்மையில்தான் டிரிங்கோமலி என்ற ஃபிரிகேட்டை (நடுத்தரப் போர்க்கப்பலை) வாங்கினேன். திருகோணமலையின் பெயரைத் தாங்கிய கப்பல் என்பதற்காகவே மற்றக் கப்பல்களைத் தள்ளிவைத்து இதற்குப் பணம் சேர்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை. சிக்கல் என்னவென்றால், என்னுடைய இப்போதைய பதவித் தரத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஆட்கள் கப்பலுக்குத் தேவையானவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். நேற்று ஒரு சரக்குக் கப்பலைத் துரத்தியபோது, பீரங்கிகளில் இருந்தவர்களை எடுத்துப் பாய்ப் பிரிவை முழுமையாக நிரப்பினேன். அப்படியும் இடைவெளி குறையவில்லை. அது காற்றோடு காற்றாகப் போயே விட்டது. பாய்ப் பிரிவில் எத்தனை பேர் இருந்தால் அதிகபட்ச வேகம் கிடைக்கும்? அல்லது அடுத்த தரத்துக்கு உயரும்வரை இக்கப்பலைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைப்பதுதான் சரியா?

சோழகம்:

நிறுத்திவைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆட்களைக் கூட்டினால் வேகம் கூடும் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். படகில் துடுப்புப் போடுகிறவர்களைக் கூட்டினால் வேகம் கூடலாம். பாய்க்கப்பலை இழுப்பது காற்று. பாய்கள் முழுவதும் விரிந்து, பருமல்கள் (பாய்கள் தொங்கும் குறுக்குமரங்கள்) சரியான கோணத்தில் நின்றுவிட்டால், அதன்பின் உங்கள் அதிகபட்ச வேகத்தைத் தீர்மானிப்பவை கப்பலின் உடலமைப்பு, கட்டிய மரம், பொருத்திய மேம்பாடுகள், காற்றுக்கும் அணியத்துக்கும் (கப்பலின் முன்முனைக்கும்) இடையிலான கோணம், ஏற்றியிருக்கும் எடை ஆகியவைதாம். பாய்ப் பிரிவில் ஆள் குறைந்தால் கெடுவது வேறொன்று: பாயை விரிக்கவும் சுருக்கவும், பருமலைத் திருப்பவும் ஆகும் நேரம் நீண்டுவிடும். கப்பலைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தாமதத்துக்கு நீங்கள் வேகத்தால் விலை கொடுக்கிறீர்கள். நேர்கோட்டில் ஓடும்போது அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது.

எனவே நேற்றைய துரத்தலில் நீங்கள் தோற்றதற்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். சரக்கறையைத் திறந்து பாருங்கள். உடல் பழுதுபார்ப்புப் பொருள், பாய்ப் பழுதுபார்ப்புப் பொருள், ரம் ஆகிய மூன்றையும் "இருக்கட்டும்" என்று அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்புவது புதியவர்களின் வழக்கம். நானும் அப்படித்தான் பல மாதங்கள் கப்பலைச் சுமைவண்டியாக ஓட்டினேன். தளத்தில் உள்ள பீரங்கிகளுக்கும் எடை உண்டு. ஆள் பற்றாக்குறையோடு ஓட்டுகிறவர் பெரிய பீரங்கிகளைப் பொருத்துவது இரட்டை நட்டம், ஏனெனில் அவற்றுக்குச் சுட ஆளும் இல்லை, அவற்றின் எடை கப்பலையும் பின்னிழுக்கிறது. மரத்தைப் பொறுத்தவரை, ஃபர் மரத்தில் கட்டிய கப்பல் விரைவாக ஓடும், ஆனால் அடி தாங்காது, லைவ் ஓக் அதற்கு நேர்மாறானது, தேக்கு இடைப்பட்டது.

ஆட்பங்கீட்டுக்கு வருவோம். பாய்ப் பிரிவை நிரப்புங்கள். மிஞ்சியவர்களை இரண்டு பக்கப் பீரங்கிகளுக்கும் பிரிக்காமல், எந்தப் பக்கம் எதிரியை நோக்கப் போகிறதோ அந்தப் பக்கத்துக்கு மட்டும் கொடுங்கள். எதிரிக் கப்பலில் ஏறுவதற்கான ஆயத்தத்தைத் துரத்தும்போது தொடவே கூடாது. அது மற்றப் பிரிவுகளின் ஆட்களை விழுங்கும். இருவரும் வேகம் இழந்து அருகருகே வந்த பின்னரே அதற்கு வேலை.

கச்சான்:

சோழகம் சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்வேன். எப்போதும் பாய்ப் பிரிவை நிரப்ப வேண்டும் என்பதில்லை. எதிரி ஒரே திசையில் ஓடுகிறான், காற்றும் மாறவில்லை என்றால், பாய்கள் விரிந்தபின் அங்கிருப்போரில் ஒரு பகுதியை முன்பக்கப் பீரங்கிகளுக்கு அனுப்பி, சங்கிலிக் குண்டுகளால் அவனுடைய பாயைக் கிழிக்கலாம். நம் வேகத்தைக் கூட்ட முடியாதபோது அவனுடைய வேகத்தைக் குறைப்பதுதான் மிச்சமிருக்கும் வழி. அவன் திரும்பப் போகிறான் என்று தெரிந்தவுடன், திரும்பிய பின்னர் அல்ல, ஆட்களைப் பாய்க்கு மீட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் இடம் மாறுவதற்கும் நேரம் ஆகும்.

இந்த விளையாட்டு இவ்விஷயத்தில் வரலாற்றோடு ஒத்துப்போகிறது என்பதையும் சொல்லத் தோன்றுகிறது. 1805இல் டிரஃபால்கர் போரின்போது விக்டரி என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறத்தாழ 820 பேர் இருந்தார்கள். 1869இல் கட்டப்பட்ட கட்டி சார்க் என்ற தேயிலைக் கப்பல் முப்பது பேர் அளவிலேயே வைத்துக்கொண்டு 17 நாட் (மணிக்கு 17 கடல்மைல்) வேகத்துக்கும் மேல் ஓடியது. போர்க்கப்பலில் அத்தனை கூட்டமும் பீரங்கிகளுக்காகத்தான். உங்கள் டிரிங்கோமலியின் மூலக்கப்பல் 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் தளத்தில் தேக்கில் கட்டப்பட்டு, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. ஆகவே தேக்குக்கு ஒரு வாக்கு என்னுடையது.

வாடைக்காற்று:

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு எதிரி யாரும் இல்லாத இடத்தில் சோதித்துப் பார்த்தேன். காற்று பின்பக்கவாட்டில் வரும்படி வைத்து, பாய்களை முழுதாக விரித்து, வேகம் நிலைத்தபின் பாய்ப் பிரிவில் பாதிப் பேரைப் பீரங்கிக்கு மாற்றினேன். வேகமானியில் கடைசி எண்கூட அசையவில்லை. அதே நிலையில் அணியத்தைக் காற்றின் குறுக்கே கடத்தித் திருப்பியபோதுதான் உண்மை தெரிந்தது. பருமல்கள் நத்தையைப் போல நகர, கப்பல் காற்றுக்கு எதிரே முகத்தை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டது, பின்னோக்கிக்கூடச் சற்று நகர்ந்தது. முழு ஆட்களோடு திருப்பியபோது அது நிற்கவே இல்லை. சரக்கறையைப் பற்றிச் சொன்னதும் சரிதான்; பாதி ரம்மைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டேன்.

கொண்டல்:

முழுவதையும் இறக்கிவிட வேண்டாம். ஆட்கள் குறைவாக உள்ள கப்பலுக்குத்தான் ஒவ்வோர் இழப்பும் பெரிதாகத் தெரியும். சிதறுகுண்டு பட்டு ஆட்கள் வீழ்ந்தபின் அவர்களை மீட்பது ரம்தான். திருப்பும்போது கப்பல் நின்றுவிடுவதற்கு மற்றொரு மருந்தும் உண்டு: தானியங்கிக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டு, முன்பருமல்களைக் கையால் எதிர்ப்பக்கம் திருப்பிக் காற்றைப் பாயின் முன்முகத்தில் வாங்கினால், அதுவே அணியத்தைத் தள்ளிக் கொடுக்கும். அணியம் காற்றைக் கடந்தவுடன் பின்பருமல்களை முதலில் மாற்றி, அதன்பின் முன்பருமல்களை விடுவிக்க வேண்டும். பாதி ஆட்களோடு இதைப் பழகிக்கொண்டால், தரம் உயர்ந்தபின் கப்பல் உங்கள் கையில் வேறொன்றாக இருக்கும்.