எல்லாப் புத்தகங்களையும் சுமந்தவன்

மூன்றாம் வகுப்பு அம்மா:
மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிக்கத் திணறும் கற்றல் குறைபாடு என்று போன மாதம்தான் தெரிந்தது. அதற்கு முந்தைய ஒரு நாள் இன்னும் உறுத்துகிறது. தினமும் எல்லாப் புத்தகங்களையும் சுமந்துகொண்டு போவான். அட்டவணை பார்க்கச் சோம்பல் என்று திட்டி, பாதியை நானே எடுத்து வெளியே வைத்தேன். மாலையில் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "கணக்கு நோட்டு இல்லையென்று வெளியே நிற்க வைத்தார்கள். அதற்குத்தான் எல்லாவற்றையும் கொண்டுபோகிறேன் அம்மா" என்றான்.

இரு பிள்ளைகளின் அப்பா:
பழுப்பு அட்டை போட்டுவிட்டால் எட்டுப் புத்தகங்களும் ஒரே புத்தகம்தான்! லேபிள் ஒட்டு என்பார்கள். படிக்கத் திணறும் பிள்ளைக்கு லேபிள் எதற்கு? புத்தகங்களின் முதுகுப் பக்கத்தில் வண்ண டேப் ஒட்டினேன். கணக்குக்குச் சிவப்பு, தமிழுக்குப் பச்சை. அட்டவணையிலும் அதே நிறங்கள். பார்க்க நன்றாக இல்லை என்று ஆசிரியை கிழித்துவிட்டார். மகள் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிப் பென்சில் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருந்தாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
ஆசிரியையை மட்டும் குறை சொல்லாதீர்கள், ஐயா. ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள். நானும் ஒருவனை வெளியே நிறுத்தியிருக்கிறேன். அதை விடுங்கள். பையை நீங்கள் அடுக்கிக் கொடுக்காதீர்கள். இரவே, பிள்ளை தன் கையாலேயே அடுக்கட்டும்; பக்கத்தில் உட்காருங்கள், போதும். "பையை அடுக்கு, டைரியைக் காட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்து வை" என்று ஒரே மூச்சில் சொன்னால் பாட்டில் மட்டும்தான் வந்து சேரும். ஒன்று முடிந்தபின் அடுத்தது. சரியாக அடுக்கிய பையைப் படமெடுத்துக் கதவில் ஒட்டுங்கள். ஒரு வாரத்தில் கைவிடாதீர்கள், மாதக்கணக்கில் ஆகும். மாற்றுத்திறனாளி சான்றிதழையும் வாங்கிவிடுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் உண்டு. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும்.

பத்தாம் வகுப்பைத் தாண்டிய அம்மா:
சான்றிதழ் பையை அடுக்கித் தராது, டீச்சர். என் மகனுக்கும் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். தேர்வன்று பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பினோம். நுழைவுச்சீட்டு ஃபிரிட்ஜுக்குள் இருந்தது, தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில். "மறக்கக்கூடாது என்று சேர்த்து வைத்தேன்" என்றான். பாட்டிலையும்தான் மறந்திருந்தான்.

மூன்றாம் வகுப்பு அம்மா:
அந்த டேப் பழுப்பு அட்டையில் நிற்கிறதா அண்ணா, இரண்டு நாளில் உரிந்துவிடுகிறதா?