பிபிஎஸ் துடிப்பு, இணையச் சேவையகம், நெட்டலை வானொலி: எதன் நொடியை நம்புவது?

கேள்வி | நொடிமுள்

அனைவருக்கும் வணக்கம். துல்லியமான நேரத்தைப் பெற்றுப் பேணுவதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. ஒரு ராஸ்பெரி பை கணினி, அதனுடன் யுஎஸ்பி வழியாக இணைத்த ஜிபிஎஸ் ரிசீவர், ஜன்னல் ஓரத்தில் ஒரு சிறிய ஆன்டெனா, நேரத்தைச் சீராக்கும் குரோனி மென்பொருள் ஆகியவையே என்னிடம் உள்ளவை. ரிசீவரின் விவரத்தாளில் பிபிஎஸ் துடிப்பின், அதாவது நொடிக்கு ஒருமுறை வெளிவரும் மின்துடிப்பின், துல்லியம் 30 நானோ நொடி என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான் காண்பதோ அதற்கு நெடுந்தொலைவில் இருக்கிறது. இணையத்தில் உள்ள நான்கு என்டிபி சேவையகங்களும், அதாவது இணையம் வழியாக நேரம் சொல்லும் கணினிகளும், தங்களுக்குள் 5 மில்லி நொடிக்குள் ஒத்துப்போகின்றன. ஜிபிஎஸ் மட்டும் அவற்றுக்கு ஏறத்தாழ 130 மில்லி நொடி பின்தங்கி நிற்கிறது. அந்த இடைவெளியும் நிலையாக இல்லாமல் 110 முதல் 170 வரை அலைகிறது.

இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. ரிசீவரை முதன்முறை இயக்கிய நாளில், ஏறத்தாழ பத்து நிமிடங்களுக்கு அது காட்டிய நேரம் சரியாக 2 நொடி முன்னதாக இருந்தது. பிறகு ஒரே தாவலில் சரியாகிவிட்டது. அணுக்கடிகாரத்தைச் சுமந்து செல்லும் செயற்கைக்கோளிலிருந்து வரும் நேரம் முழுதாக 2 நொடி தவறுமா?

செயற்கைக்கோளைச் சாராத ஒரு சாட்சி வேண்டும் என்பதற்காக, நெட்டலையில், அதாவது மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில், நேரத்தை ஒலிபரப்பும் நிலையங்களைக் கேட்கும் வானொலி ரிசீவர் ஒன்றையும் அமைக்கலாமா என எண்ணுகிறேன். அது துல்லியத்தைக் கூட்டுமா, அல்லது குழப்பத்தைத்தான் கூட்டுமா?

பதில் 1 | படிகம்

உங்கள் ரிசீவரில் பழுது எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. நீங்கள் இன்னும் பிபிஎஸ் துடிப்பைப் பயன்படுத்தவே தொடங்கவில்லை என்பதுதான் செய்தி. யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு வருவது என்எம்இஏ வாசகங்கள் மட்டுமே. "இப்போது மணி இவ்வளவு" என்று எழுத்தில் சொல்லும் அந்த வாசகங்கள், அவை குறிக்கும் நொடி பிறந்து முடிந்த பிறகே அனுப்பப்படுகின்றன. 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகள்தான் செல்ல முடியும்; ஆகவே 80 எழுத்துகள் கொண்ட ஒரு வாசகம் வந்து சேரவே 80 மில்லி நொடிக்கு மேல் ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியும் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை கூடும்போது அவற்றைப் பட்டியலிடும் வாசகங்களும் கூடுகின்றன, அதற்கேற்பப் பின்னால் வரும் வாசகங்கள் தள்ளிப்போகின்றன. 110 முதல் 170 வரை நீங்கள் கண்ட அலைச்சலுக்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

ரிசீவர் பலகையில் பிபிஎஸ் என்று குறித்த முனை ஒன்று தனியாக இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியை ராஸ்பெரி பையில் வெளிக்கருவிகளை இணைப்பதற்கான ஜிபிஐஓ முனைக்கு நேரடியாகக் கொண்டு வாருங்கள். முன்னதாக, துடிப்பின் மின்னழுத்தம் 3.3 வோல்ட்டைத் தாண்டவில்லை என்பதை அளந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். துடிப்பு எழும் கணத்தை இயங்குதளத்தின் கருநிரலே குறித்துக்கொள்ளும். குரோனியில், இது எந்த நொடி என்பதை அறிவதற்கு மட்டும் என்எம்இஏ வாசகத்தையும், அந்த நொடி எந்தக் கணத்தில் பிறந்தது என்பதற்குத் துடிப்பையும் பயன்படுத்தும்படி இரண்டையும் பிணைத்துவிடுங்கள். வாசகத்தின் சராசரித் தாமதமான 130 மில்லி நொடியை ஈடாகக் கொடுத்துவிட்டால், மிச்சமுள்ள தடுமாற்றம் அரை நொடிக்கு மிகவும் குறைவாகவே இருக்கும் என்பதால் நொடி மாறிப்போகும் ஆபத்து இல்லை. பெரும்பாலோர் இடறும் இடம் ஒன்று உண்டு. பல ரிசீவர்களில் துடிப்பு 100 மில்லி நொடி அகலம் கொண்டது. நேரத்தைக் குறிப்பது அதன் ஏறும் விளிம்பு, அதாவது மின்னழுத்தம் உயரும் கணம். இறங்கும் விளிம்பைப் படித்துவிட்டால் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத் தோன்றிக்கொண்டே 100 மில்லி நொடி பிழை நிலைத்துவிடும்.

2 நொடி விஷயம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஜிபிஎஸ் நேரம் 1980 ஜனவரி 6 அன்று உலகப் பொது நேரமான யுடிசியோடு ஒன்றாகத் தொடங்கியது. ஆனால் பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போவதற்காக யுடிசியில் லீப் நொடிகள் எனும் கூடுதல் நொடிகள் சேர்க்கப்படுகின்றன, ஜிபிஎஸ் நேரத்தில் சேர்க்கப்படுவதில்லை. 2016 டிசம்பர் 31 அன்று சேர்த்த லீப் நொடிக்குப் பிறகு ஜிபிஎஸ் நேரம் யுடிசியை விட 18 நொடி முன்னால் ஓடுகிறது. இந்த 18 என்ற எண்ணைச் செயற்கைக்கோளே அறிவிக்கிறது. ஆனால் அது முழு வழிசெலுத்தல் செய்தியின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கிறது, அந்தச் செய்தி ஒரு சுற்று முடிய 12.5 நிமிடங்கள் ஆகின்றன. அதுவரை ரிசீவர் தன் நினைவகத்தில் உள்ள பழைய எண்ணையே கழிக்கும். உங்கள் ரிசீவர் 16 என்ற பழைய எண்ணோடு வெளிவந்திருந்தால் 18க்குப் பதில் 16ஐக் கழித்து, 2 நொடி முன்னதாகக் காட்டியிருக்கும். செயற்கைக்கோள் தவறவில்லை, சொல்லி முடிக்கும் வரை ரிசீவர் காத்திருக்கவில்லை.

பதில் 2 | நெட்டலை

வானொலி ரிசீவரை அவசியம் அமையுங்கள், ஆனால் அதனிடம் மைக்ரோ நொடியை எதிர்பார்க்காதீர்கள். ஜெர்மனியின் மைன்ஃப்ளிங்கனிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் டிசிஎஃப்77, அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸிலிருந்து 60 கிலோஹெர்ட்ஸில் வரும் டபிள்யூடபிள்யூவிபி, இங்கிலாந்தின் ஆன்தோர்னிலிருந்து அதே 60 கிலோஹெர்ட்ஸில் வரும் எம்எஸ்எஃப், 40, 60 ஆகிய இரு கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைகளிலும் ஒலிபரப்பாகும் ஜப்பானின் ஜேஜேஒய் என ஒவ்வொன்றும் செய்தியைச் சுமக்கும் ஊர்தி அலையின் வலிமையை நொடிக்கு ஒருமுறை மாற்றி, ஒரு நிமிடம் முழுவதையும் செலவிட்டு நேரத்தையும் தேதியையும் சொல்லி முடிக்கின்றன. டிசிஎஃப்77இல் 0.1 நொடி தாழ்ந்தால் 0, 0.2 நொடி தாழ்ந்தால் 1. 59ஆம் நொடியில் தாழ்வே இருக்காது. அந்த மௌனம்தான் அடுத்து வருவது புதிய நிமிடம் என்பதற்கான அடையாளம். அதில் சொல்லப்படும் நேரம் வரப்போகும் நிமிடத்துக்கு உரியது என்பதை மறந்துவிட்டு, நானே முதல் நிரலில் ஒரு நிமிடம் தவறவிட்டேன்.

அலை ஒரு மில்லி நொடியில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் செல்லும். எனவே நிலையத்துக்கும் உங்களுக்கும் உள்ள தொலைவு தெரிந்தால் பயணத் தாமதத்தைக் கழித்துவிடலாம். தரையை ஒட்டி வரும் அலையோடு அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலையும் கலப்பதால், பகலிலும் இரவிலும் அந்தத் தாமதம் ஒரே அளவாக இருப்பதில்லை. இவற்றைவிடப் பெரியது மலிவான ரிசீவரின் வடிகட்டி ஏற்படுத்தும் தாமதம்: இரைச்சலைத் தவிர்க்க அது மிகக் குறுகிய அலைப்பட்டையை மட்டுமே உள்ளே விடுகிறது, குறுகிய வடிகட்டி மெதுவாகத்தான் எழும். பத்துக் கணக்கான மில்லி நொடிகள் அங்கேயே போய்விடும்.

இருந்தும் நான் அதைக் கைவிடாததற்குக் காரணம், அது வேறொரு வழியாக வரும் சாட்சி என்பதே. ஜிபிஎஸ் தன் வார எண்ணை 10 பிட்டுகளில் சொல்கிறது. 1024 வாரங்களுக்கு ஒருமுறை அது பூச்சியத்துக்குத் திரும்புகிறது. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது. அதைச் சரியாகக் கையாளாத ரிசீவர் தேதியை ஏறத்தாழ 19.6 ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிவிடும், ஆனால் அதன் பிபிஎஸ் துடிப்பு வழக்கம்போல அழகாகவே அடித்துக்கொண்டிருக்கும். அத்தகைய பிழையை நானோ நொடித் துல்லியத்தால் பிடிக்க முடியாது. தேதி சொல்லும் இன்னொரு குரல்தான் பிடிக்கும்.

ஃபெரைட் தண்டு ஆன்டெனாவை, அதன் பக்கவாட்டு நிலையத்தை நோக்கும்படி வையுங்கள். தண்டின் முனை நிலையத்தை நோக்கினால் குறிப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். கணினியின் மின்வழங்கி, எல்இடி விளக்கு இரண்டிலிருந்தும் விலக்கி வையுங்கள்.

பதில் 3 | ஆலன் வளைவு

முன்னவர் இருவரும் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் கேள்வியின் மையம் எதை நம்புவது என்பது, அதற்கு இன்னும் விடை வரவில்லை. துடிப்பைக் கம்பி வழியாக இணைத்ததும் குரோனி உங்களுக்கு 1 அல்லது 2 மைக்ரோ நொடி விலகல் என்று காட்டும். அந்த எண்ணைக் கண்டு இதுவே நம் துல்லியம் என எண்ணிவிட வேண்டாம். அது கணினியின் கடிகாரத்துக்கும் துடிப்புக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே, அதுவும் குரோனி அந்த வேறுபாட்டைக் குறைப்பதற்காகவே கடிகாரத்தைத் திருத்திக்கொண்டிருக்கும் நிலையில் எடுத்த அளவு. படிகம் அவர்கள் குறிப்பிட்ட இறங்கும் விளிம்புத் தவற்றைச் செய்திருந்தாலும் அதே 2 மைக்ரோ நொடியைத்தான் குரோனி காட்டும்.

இணையச் சேவையகங்களும் முழுச் சாட்சி ஆகா. போகும் வழியும் வரும் வழியும் சமம் என்ற அனுமானத்தின் மேல்தான் என்டிபி நிற்கிறது. போக 40 மில்லி நொடியும் வர 20 மில்லி நொடியும் ஆனால், சேவையகத்தின் கடிகாரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் 10 மில்லி நொடி பிழை விழும். உங்கள் நான்கு சேவையகங்களும் 5 மில்லி நொடிக்குள் ஒத்துப்போவது, உங்கள் இணைப்பின் முதல் பகுதியை நான்கும் பகிர்ந்துகொள்வதாலும் இருக்கலாம். ஒரே வழியில் வந்தவர்களின் ஒற்றுமையைத் தனித்தனிச் சாட்சிகளின் ஒற்றுமையாக எண்ணக் கூடாது.

ஆகவே ஒவ்வொரு சாட்சியையும் அதனால் முடிந்த கேள்விக்கு மட்டும் பயன்படுத்துங்கள். தேதியும் நிமிடமும் சரியா என்பதற்கு வானொலி. பத்துக் கணக்கான மில்லி நொடியில் எங்கேனும் பெரும் பிழை உண்டா என்பதற்கு இணையம். அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு இரண்டாவது ஜிபிஎஸ் ரிசீவரும் ஓர் ஆசிலாஸ்கோப்பும். இரண்டு துடிப்புகளையும் ஒரே திரையில் பார்க்கும்போது அவை ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் ஆடுவதைக் காண்பீர்கள். ரிசீவருக்குள் ஓடும் கடிகாரம் 48 மெகாஹெர்ட்ஸ் என்றால் அதன் இரண்டு அடிகளுக்கு இடையே ஏறத்தாழ 21 நானோ நொடி. துடிப்பு ஏதேனும் ஓர் அடியின் மேல்தான் விழ முடியும் என்பதால், சரியான கணத்திலிருந்து இருபுறமும் 10 நானோ நொடி வரை தள்ளி விழுகிறது. வரைந்தால் ரம்பத்தின் பற்களைப் போல இருக்கும். நேரப் பணிக்கென்றே செய்த ரிசீவர்கள் ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு தள்ளி விழும் என்பதையும் எழுத்தில் சொல்லிவிடுகின்றன, அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆன்டெனா கம்பியையும் கணக்கில் சேருங்கள்: வழக்கமான கோஆக்சியல் கம்பியில் மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோ நொடி தாமதம்.

அந்த நிலைக்கு வந்த பின் ஆன்டெனாவின் இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இருப்பிடத்தைக் குறிக்கும் மூன்று ஆயங்களும் நேரமும் தெரியாதபோது ரிசீவருக்கு நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. ஆன்டெனாவை வானம் முழுதும் தெரியும் இடத்தில் நிலையாகப் பொருத்தி, ஒரு நாள் முழுதும் சராசரி எடுத்து இருப்பிடத்தைப் பூட்டிவிட்டால், எஞ்சியது நேரம் மட்டுமே, அதற்கு ஒரே செயற்கைக்கோள் போதும். ஜன்னல் ஓரத்தில் பாதி வானம் மறைந்திருக்கும். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகளும் கலக்கும். 30 சென்டிமீட்டர் கூடுதல் பாதை என்பது 1 நானோ நொடி.

குறுகிய காலத்தில், கடிகாரத்தை இயக்கும் நல்ல குவார்ட்ஸ் படிகமே செயற்கைக்கோளை விட அமைதியானது, நீண்ட காலத்தில் செயற்கைக்கோளே நிலையானது. வெப்பநிலையைக் கட்டுப்படுத்திய படிக அலையியற்றி ஒன்றை ஜிபிஎஸ் மெல்ல மெல்லத் திருத்தும்படி அமைப்பது இந்த இரண்டையும் சேர்த்துப் பெறுவதற்காகத்தான். எத்தனை நொடிகளுக்குப் பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டும் என்பதை, அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் ஆலன் கடிகாரங்களின் நிலைத்தன்மையை அளக்க 1966இல் வெளியிட்ட முறைப்படி வரையும் வளைவு காட்டிவிடும். செயற்கைக்கோள்களிலேயே சார்பியல் விளைவால் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும் என்று கணக்கிட்டு, ஏவும் முன்பே அதன் அதிர்வெண்ணைக் குறைத்து அனுப்புகிறார்கள். நம் மேசையில் விழும் துடிப்புக்குள் அந்தத் திருத்தமும் அடங்கியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புத் தருகிறது.

மீண்டும் | நொடிமுள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கம்பியை இணைத்து மூன்று வாரங்கள் ஆகின்றன. முதல் நாளே ஆலன் வளைவு அவர்களின் எச்சரிக்கை பலித்தது: குரோனி 2 மைக்ரோ நொடி என்றது, ஆனால் நான்கு சேவையகங்களும் ஒரே திசையில் 100 மில்லி நொடிக்கு மிக அருகில் விலகி நின்றன. விளிம்பை மாற்றியதும் அந்த விலகல் 3 மில்லி நொடியாகக் குறைந்தது. எச்சரிக்கை இல்லாவிட்டால், நான் அந்த 2 என்ற எண்ணைப் பார்த்து நிறைவடைந்திருப்பேன்.

அதிர்வெண் திருத்தத்தை ஒரு வாரம் பதிவுசெய்து வரைந்து பார்த்தேன். கணினி கடும் வேலை செய்து சூடாகும் ஒவ்வொரு முறையும் படிகத்தின் வேகம் மாறுவது தெளிவாகத் தெரிகிறது. பலகையை ஒரு பெட்டிக்குள் வைத்து, மற்ற வேலைகள் அனைத்தையும் வேறு கணினிக்கு மாற்றிய பின் வளைவு ஏறக்குறைய தட்டையாகிவிட்டது.

நெட்டலை ரிசீவரும் இயங்கத் தொடங்கியிருக்கிறது. பிபிஎஸ் துடிப்போடு ஒப்பிட்டால் பகலில் சராசரியாக 34 மில்லி நொடி பின்தங்குகிறது. பெரும்பகுதி வடிகட்டியின் தாமதம் என்றே கொள்கிறேன். இரவில் அந்த எண் எவ்வளவு மாறுகிறது என்பதை இந்த வாரம் முழுதும் பதிவுசெய்துவிட்டு, வரைபடத்தை இதே இழையில் இடுகிறேன்.