உதவி: சிஐஎஃப் என்று காசு கட்டியும் கொழும்பில் திரும்பக் கேட்கிறார்கள்

ஒட்டுசுட்டான்_கச்சான்
வணக்கம், அவசரம். சீனாவில் இருந்து ஒரு மெஷின் எடுத்தேன். சிஐஎஃப் கொழும்பு என்று பேசி முழுக் காசும் அனுப்பியாச்சு. இப்போது கொழும்பில் ஒரு ஏஜென்ட் மெயில் போட்டு இன்னும் காசு கேட்கிறான். கட்டினால்தான் பேப்பர் தருவானாம். கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் உள்ளுக்குத்தானே? இது சுத்துமாத்தா? கட்டவா விடவா? தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கோ.

முறிகண்டி_லொறி
என்ன மெஷின்? முழுக் கொன்டெய்னரா, பங்குச் சரக்கா? எவ்வளவு கேட்கிறான்? ஒன்றும் சொல்லாமல் கட்டவா விடவா என்றால் நாங்கள் சாத்திரம் பார்த்தா சொல்வது?

மாங்குளம்_நெல்லுமில்
எச்எஸ் கோட் (சுங்கம் சாமானை வகைப்படுத்துகிற இலக்கம்) என்ன போட்டிருக்கு? முதலில் அதைச் சொல்லுங்கோ. எல்லாச் சிக்கலும் அதில்தான் தொடங்கும். 84ஆம் அத்தியாயத்துக்குள் வருகிற மெஷினை வேறு எங்கேயாவது போட்டிருப்பான்.

துறைமுகத்தான்
இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. மேலே தேடுகிற பெட்டி இருக்கிறது, ஒருவரும் தொடுவதில்லை. பாரிஸில் இருக்கிற சர்வதேச வர்த்தக சம்மேளனம் 1936இல் இருந்து, எந்தச் செலவும் பொறுப்பும் விற்கிறவனுக்கு, எது வாங்குகிறவனுக்கு என்று பிரிக்கிற இந்த விதிகளை வெளியிட்டு வருகிறது. இப்போது நடப்பில் இருப்பது இன்கோடேர்ம்ஸ் 2020. மொத்தம் 11 விதி. அதில் கடல்வழிக்கு மட்டும் உரியவை 4: எஃப்ஏஎஸ், எஃப்ஓபி, சிஎஃப்ஆர், சிஐஎஃப். சிஐஎஃப் என்றால் விற்கிறவன் சேருகிற துறைமுகம் வரைக்கும் கூலியும் காப்புறுதியும் கட்டுவான். அதற்கு மேல் உங்கள் பாடு. காசு அனுப்ப முதல் இதைப் படித்திருக்கலாம்.

ஒட்டுசுட்டான்_கச்சான்
ஐயா, நான் கமக்காரன், கப்பல்காரன் இல்லை. மெஷின் கச்சான் கோது உடைக்கிறது. மரப்பெட்டி ஒன்று. பில்லைப் படம் பிடித்தேன், இங்கே ஏற்ற முடியவில்லை. டிஓ கட்டணம், ஹான்ட்லிங், டீ-ஸ்டஃபிங், டொக்யுமென்டேஷன், சிஎஃப்எஸ், அதற்குக் கீழே அட்மின், கடைசியில் அட்மின் 2. கூட்டினால் மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட வருது.

முறிகண்டி_லொறி
அட்மின் 2! நானும் இனி லொறி வாடகை பில்லில் டிரைவர் 2 என்று போடப்போகிறேன்.

வவுனியா_கணக்கு
தம்பி, சுத்துமாத்து என்று சொல்லமாட்டேன், முழுக்க நியாயம் என்றும் சொல்லமாட்டேன். ஒரு பெட்டி என்றால் உங்கள் சரக்கு எல்சிஎல், அதாவது பங்குச் சரக்கு. சீனாவில் ஒரு ஃபோர்வேர்டர் (சரக்கு அனுப்பிவைக்கிற முகவர்) பல பேருடைய பெட்டிகளை ஒரே கொன்டெய்னரில் அடைக்கிறான். கொழும்பில் அவனுடைய ஏஜென்ட் அதைக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்து, ஆளுக்கு ஆள் டிஓ, அதாவது பெட்டியை எடுக்கிற அனுமதிச் சீட்டு, எழுதித் தருகிறான். அந்த வேலைக்குக் காசு கேட்பது எங்கேயும் வழமை.

சூட்சுமம் எங்கே என்றால், ஃபோர்வேர்டரைப் பிடித்தது நீங்கள் இல்லை, விற்கிறவன். அந்தப் பக்கம் போட்டியில் எல்சிஎல் கூலியைத் தண்ணீர் விலைக்குக் கொடுப்பார்கள், சில வேளை சும்மாவே ஏற்றுவார்கள். விட்ட காசை இந்தப் பக்கம் இறக்குகிறவனிடம் கறப்பார்கள். விற்கிறவனுக்கு சிஐஎஃப் விலை மலிவாகக் காட்டலாம். நீங்களும் மலிவு என்று சந்தோசப்பட்டிருப்பீர்கள்.

மூன்று விசயம் சொல்லுங்கோ. பிஎல்லில் (சரக்கு ஏற்றின பத்திரத்தில்) கன அளவு எத்தனை, நிறை எத்தனை? "ஃபிரைட் பிரிபெயிட்", அதாவது கூலி முன்னமே கட்டியாச்சு, என்று இருக்கிறதா? ஒரிஜினல் பிஎல் கையில் இருக்கிறதா?

டோர்_டு_டோர்
அடுத்தமுறை டிடிபி என்று கேளுங்கோ. வீட்டு வாசலில் கொண்டுவந்து வைப்பான், ஒரு சதமும் கூடக் கேட்கமாட்டான். நான் எப்பவும் அப்படித்தான்.

வவுனியா_கணக்கு
டிடிபி என்றால் இங்கத்தைய சுங்கவரி, வற் எல்லாம் விற்கிறவன் தலையில். சீனாவில் இருக்கிறவன் இலங்கைச் சுங்கத்தில் யாருடைய டின் நம்பரில் (வரி இலக்கத்தில்) எடுப்பான் என்று கேட்டுப் பாருங்கோ. பதில் வராது. பெட்டிக்குள் என்ன இருக்கு, என்ன பெறுமதி என்று என்ன எழுதி எடுக்கிறான் என்றும் உங்களுக்குத் தெரியாது. பிடிபட்டால் சாமான் உங்களுடையது.

மாங்குளம்_நெல்லுமில்
எஃப்ஓபியில், அதாவது கப்பலில் ஏற்றுகிற வரைக்கும் மட்டும் விலை பேசி, எடுத்திருந்தால் வரியும் குறைந்திருக்கும். கூலிக்கு வரி இல்லை.

துறைமுகத்தான்
தவறு. சுங்கம் பார்ப்பது சிஐஎஃப் பெறுமதியை. எஃப்ஓபியில் வாங்கினாலும் கூலியையும் காப்புறுதியையும் கூட்டித்தான் வரி போடுவார்கள். அதற்கு மேல் 18 வீதம் வற். தெரியாததை உறுதியாகச் சொல்லி ஆட்களைக் குழப்பாதீர்கள்.

இன்னொன்று. கொன்டெய்னரில் போகிற சரக்குக்கு சிஐஎஃப் போடுவதே பிழை. சிஐபி போடவேண்டும்: அதிலும் கூலியும் காப்புறுதியும் விற்கிறவன்தான், ஆனால் ஏற்றிச்செல்கிறவனிடம் ஒப்படைத்ததுமே பொறுப்பு கைமாறும். சிஐஎஃப்பில் பொறுப்பு கைமாறுவது ஏற்றுகிற துறைமுகத்தில், கப்பலில் ஏற்றியதும். விற்கிறவனோ பெட்டியை அதற்கு முன்னமே களஞ்சியத்தில் ஒப்படைத்துவிடுகிறான். இடையில் ஏதாவது நடந்தால் இழுபறி. காப்புறுதியும் வேறு: சிஐஎஃப்புக்குக் குறைந்தபட்சமான "சி" வகை போதும், அதில் களவுக்குக் காசு கிடையாது. 2020 விதிப்படி சிஐபிக்கு "ஏ" வகை எடுக்கவேண்டும். இரண்டிலும் தொகை பெறுமதியின் 110 வீதம்.

மாங்குளம்_நெல்லுமில்
புத்தகத்தில் ஆயிரம் எழுதலாம் ஐயா. எனக்கு வந்த புரோபோர்மா இன்வாய்ஸ் எதிலும் சிஐபி என்று ஒருத்தனும் எழுதவில்லை. கேட்டால் "ஓகே மை ஃபிரென்ட்" என்று சொல்லிவிட்டு அதே சிஐஎஃப்பைத் திரும்ப அனுப்புவான்.

கப்பல்பொடியன்
இதில் துறைமுகத்தான் சொல்வது சரி. கடலில் போய்க்கொண்டிருக்கும்போது சரக்கின் ஆபத்து வாங்கினவனுடையது, கூலி கட்டினது விற்றவன் என்றாலும். பலருக்கு இது விளங்குவதில்லை. 2024 மார்ச் 26 பால்டிமோரில் பாலத்தை இடித்த டாலி கொழும்புக்கு வெளிக்கிட்ட கப்பல்தான். பிறகு ஜெனரல் அவரேஜ் அறிவித்தார்கள். கப்பலையும் சரக்கையும் காப்பாற்றுகிற செலவில் அதில் பெட்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் பங்கு. காப்புறுதி இருந்தால் கம்பனி பார்க்கும், "சி" வகையிலும் அது அடங்கும். இல்லாதவன் சொந்தக் காசை உத்தரவாதமாக வைத்தால்தான் பெட்டியைத் தொடலாம். அதனால் அந்தக் காப்புறுதிப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி வையுங்கோ.

முறிகண்டி_லொறி
காங்கேசன்துறையில் இறக்கினால் இந்தக் கொழும்பு அலைச்சலே இல்லை. ஒட்டுசுட்டானுக்கு எத்தனை மணித்தியாலம்!

துறைமுகத்தான்
கொன்டெய்னர் கப்பலுக்கு ஆழம் வேண்டும், பாரந்தூக்கி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சரக்கு வேண்டும். 2023 அக்டோபரில் நாகபட்டினத்தில் இருந்து பயணிகள் கப்பல் வந்ததை வைத்துக் கனவு காணாதீர்கள்.

மாங்குளம்_நெல்லுமில்
தலைமன்னாரில் ஓடவில்லையா? 1914இல் இருந்து தனுஷ்கோடிக்கு ஓடினது. 64 புயலோடு முடிந்துபோச்சு.

பேசாலை_ஐயா
புயல் அழித்தது தனுஷ்கோடியை. அதற்குப் பிறகும் கப்பல் ராமேஸ்வரத்தில் இருந்து எண்பதுகள் வரைக்கும் ஓடினது தம்பி. எங்கள் சனம் சேலையும் சட்டிபானையும் கொண்டுவந்து இறங்கியது அதில்தான். நிற்பாட்டினது புயல் இல்லை, சண்டை.

மாங்குளம்_நெல்லுமில்
நான் கேள்விப்பட்டது அப்படி ஐயா.

பேசாலை_ஐயா
நான் இறங்கினது அப்படி.

ஒட்டுசுட்டான்_கச்சான்
கப்பல் கதையை விடுங்கோ. பார்த்தேன். 1.8 கியூபிக் மீற்றர், 420 கிலோ. ஃபிரைட் பிரிபெயிட் என்று இருக்கு. பிஎல் மெயிலில் ஸ்கான் பண்ணி வந்தது, கையில் ஒன்றும் இல்லை.

வவுனியா_கணக்கு
அங்கேதான் நிக்குது. ஸ்கானுக்கு டிஓ தரமாட்டார்கள். ஒன்றில் ஒரிஜினல் கூரியரில் வரவேண்டும், அல்லது விற்றவன் அந்தப் பக்கம் ஒரிஜினலை ஒப்படைத்து டெலெக்ஸ் ரிலீஸ் கொடுக்கச் சொல்லவேண்டும். முழுக் காசும் போயிருந்தால் மறுக்க அவனுக்குக் காரணம் இல்லை. இன்றைக்கே மெசேஜ் போடுங்கோ, இலவச நாள் முடிந்தால் களஞ்சிய வாடகை வேறு ஏறும்.

பில்லில், எல்சிஎல்லுக்குக் கன மீற்றரும் தொன்னும் பார்த்து எது பெரிதோ அதற்குத்தான் போடுவார்கள். உங்களுக்கு 1.8. முழு எண்ணாக 2 ஆக்கியிருக்கிறானா, இல்லாவிட்டால் 3 ஆக்கியிருக்கிறானா பாருங்கோ. ஹான்ட்லிங், டீ-ஸ்டஃபிங், சிஎஃப்எஸ் மூன்றும் பெட்டியை இறக்கிப் பிரித்துக் களஞ்சியத்தில் வைக்கிற ஒரே வேலையைச் சுற்றுகிற பெயர்கள். எது எதற்கு என்று எழுத்தில் கேளுங்கோ. அட்மின் 2 என்னவென்றும் கேளுங்கோ. போனில் கதைக்கவேண்டாம், மெயிலில் கேளுங்கோ. சண்டை பிடித்துக்கொண்டு பெட்டியை மட்டும் விட்டுவைக்காதீர்கள். எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்துவிட்டுக் கட்டி, சாமானை எடுத்த பிறகு கேட்கலாம். சுங்க வேலைக்கு நல்ல வாஃப் கிளாக் ஒருவரைப் பிடியுங்கோ. மரப்பெட்டியில், பூச்சி இல்லாமல் பதப்படுத்தின மரம் என்று காட்டுகிற, கோதுமைக் கதிர் போட்ட ஐபிபிசி முத்திரை இருக்கிறதா என்று விற்றவனிடம் படம் கேளுங்கோ, இல்லாவிட்டால் அது இன்னொரு கதை.

டோர்_டு_டோர்
டிடிபி என்றால் இந்தத் தலையிடி இல்லை.

துறைமுகத்தான்
அடுத்தமுறை எஃப்சிஏ (அங்கே நீங்கள் பிடித்த ஆளிடம் ஒப்படைக்கிற வரைக்கும் மட்டும் விற்கிறவன் பொறுப்பு) அல்லது எஃப்ஓபியில் வாங்கி, கொழும்பில் நீங்களே ஒரு ஃபோர்வேர்டரிடம் இரண்டு பக்கச் செலவுக்கும் சேர்த்து விலை எடுங்கள். சிஐஎஃப்தான் என்றால், சேருகிற துறைமுகத்துக் கட்டணப் பட்டியலை ஓடர் கொடுக்க முதலே எழுத்தில் வாங்குங்கள்.

முறிகண்டி_லொறி
தம்பி, எடுத்தாச்சா? கொழும்பில் இருந்து வெறும் லொறி ஒன்று வருது.

முறிகண்டி_லொறி
ஆளைக் காணேல்லை.

ஒட்டுசுட்டான்_கச்சான்
டெலெக்ஸ் ரிலீஸ் வந்தது, சாமானும் வந்து சேர்ந்தது. அட்மின் 2ஐ எடுத்துவிட்டார்கள், மற்றதெல்லாம் கட்டினேன். வவுனியா அக்காவுக்கு நன்றி. மோட்டர் 380 வோல்ட் என்று தகட்டில் அடித்திருக்கு, எங்கள் கொட்டிலில் சாதாரண வீட்டு லைன்தான். இதற்கு என்ன செய்கிறது?

துறைமுகத்தான்
அது த்ரீ பேஸ். புது இழை திறவுங்கள். எத்தனை கிலோவாட் என்பதையும் எழுதுங்கள்.