ஃபேரிங்குக்குத் தமிழில் ‘வளைவோட்டம்’ சரிவருமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மரக்கப்பல் மாதிரி கட்டப் புதிதாகப் பழகுவோருக்கான நம் கையேட்டில் ஏரா (கப்பலின் அடிநீள மரம்), வங்கு (குறுக்கே நிற்கும் விலாச் சட்டம்), அணியம் (முன்முனை), அமரம் (பின்முனை) நான்கும் மறுப்பில்லாமல் நிலைத்துவிட்டன. ரொம்ப மகிழ்ச்சி. படகு கட்டும் தச்சர்களான ஓடாவிகள் வாயில் புழங்கிய சொற்கள் இருக்கும்போது ‘அடிமுதுகெலும்பு’ என்று புனைய வேண்டிய தேவையே இல்லை. ஏராவை மலாயில் லூனாஸ் என்பார்கள். இங்கே பினாங்கில் அதைச் சொன்னால் நம்மவர்களுக்குக் கூலிம் பக்கத்து ஊர்தான் நினைவுக்கு வருகிறது. ஏரா என்றால் அந்தக் குழப்பம் இல்லை, பிள்ளைகளுக்கும் சட்டென்று பிடித்துவிட்டது.

இழுபறியில் இருப்பது ஃபேரிங், அதாவது பலகை பாவும் முன் வங்குகளின் விளிம்பைச் சரிசெய்து, மேலே வரும் பலகை எங்கும் முறியாமல் வளைந்து படியச் செய்யும் வேலை. அதற்கு இதுவரை வந்த பரிந்துரைகள்:

> தேய்ப்புச் சீராக்கம். உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுதானே வேலை? செய்வதையே பெயராக வைக்கலாம்.

> இழைவு. சின்னச் சொல், தச்சரிடம் ஏற்கெனவே இருப்பது.

> நேர்த்தி செய்தல்.

மூன்றையும் எங்கள் ஞாயிறு வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். மூன்றுமே ஆளைத் தவறான பக்கம் கொண்டுபோகின்றன என்பது என் கருத்து. ஏன் என்று சொல்ல, வேலையைக் கொஞ்சம் விரித்தே எழுத வேண்டும்.

மாதிரிக் கப்பல் பெட்டியில் வரும் வங்குகள் ஒட்டுப்பலகையில் லேசரால் வெட்டியவை. அவற்றின் விளிம்பு செங்குத்தாக இருக்கும். கப்பலின் நடுப்பகுதியில் அது பிரச்சினை இல்லை. உடலை மூட மேலே ஒட்டும் பலகைக் கீற்று விளிம்பின் முழு அகலத்திலும் படிந்து உட்காரும். அணியத்தை நெருங்க நெருங்க உடல் ஒடுங்குகிறது, கீற்றும் உள்நோக்கித் திரும்புகிறது. அங்கே அது வங்கின் முன்மூலையில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும், பின்மூலையில் வெளிச்சம் தெரியும். அதனால் அணியப் பக்க வங்குகளில் முன்மூலையையும், அமரப் பக்க வங்குகளில் பின்மூலையையும் சரிவாகத் தேய்த்து இறக்குகிறோம். லேசர் சுட்ட கருப்பு இதற்கு நல்ல வழிகாட்டி. தேய்க்காத மூலையின் ஓரத்தில் மெல்லிய கருப்புக் கோடு மிஞ்சும்வரை தேய்க்கலாம். அந்தக் கோடும் போய்விட்டால் வங்கின் வடிவமே குறைந்துவிட்டது என்று பொருள்.

இதுவரை பார்த்தால் தேய்ப்பு வேலைதான். ஆனால் எவ்வளவு தேய்ப்பது என்பதை உப்புத்தாள் சொல்வதில்லை. வளையக்கூடிய மெல்லிய கீற்று ஒன்றை நாலைந்து வங்குகளின் மேல் சேர்த்துப் படியவைத்து, அது எங்கே எகிறுகிறது, எங்கே தொடாமல் தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். எகிறும் இடத்தில் தேய்க்கிறோம். தொங்கும் இடத்தில் என்ன செய்கிறோம்? வங்கின் விளிம்பில் ஒரு மரச் சீவலை ஒட்டி உயர்த்துகிறோம். அதுவும் ஃபேரிங்தான். குறைப்பதும் கூட்டுவதும் ஒரே வேலையின் இரண்டு கை. ‘தேய்ப்பு’ என்று பெயர் வைத்தால் பாதி வேலை வெளியே நின்றுவிடும். புதியவரோ பள்ளத்தைப் பார்த்ததும் அக்கம்பக்கத்து வங்குகளையெல்லாம் தேய்த்துக் குறைக்கத் தொடங்கிவிடுவார்.

இழைவு அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் தச்சரிடம் இழைத்தல் என்றால் இழைப்புளி பிடிப்பது. ஒட்டுப்பலகையின் குறுகிய விளிம்பில் இழைப்புளியை ஓட்டினால் அடுக்குகள் பிய்ந்து வரும்.

நேர்த்தி என்பது இன்னும் நுட்பமான சிக்கல். வழவழப்பான கப்பல் உடலும் வளைவு கெட்டதாக இருக்கலாம். 1.5 மில்லிமீட்டர் தடிப்பான முதல் பலகை அடுக்கின் மேல் அரை மில்லிமீட்டர் வால்நட் மரக்கீற்று ஒட்டி, கண்ணாடிபோல் தேய்த்து முடித்திருப்பார்கள்; விரலுக்கு ஒன்றும் தெரியாது. வார்னிஷ் பூசி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பக்கவாட்டில் அலை அலையாகத் தெரியும். மேல் அடுக்கு அவ்வளவு மெல்லியது, அடியில் இருப்பதை அப்படியே காட்டிவிடுகிறது. நேர்த்தி இருக்கிறது, நாம் தேடுவது இல்லை.

நாம் தேடுவதைத் தெளிவாகப் பார்க்க எனக்கு உதவியது மலேசியாவின் கிழக்குக் கரை மாநிலமான திரங்கானு. டுயோங் தீவின் படகுத் தச்சர்கள் செங்கால் மரத்தில் கட்டும் முறையில் வரைபடம் கிடையாது, முதலில் வங்கு நிறுத்துவதும் கிடையாது. ஏராவிலிருந்து பலகைக்கு மேல் பலகையாக, விளிம்போடு விளிம்பு மர முளை அடித்துச் சேர்த்து, உடலை முதலில் எழுப்புகிறார்கள். வங்குகள் பிறகுதான் உள்ளே போகின்றன. அங்கே தேய்த்துச் சரிசெய்ய வங்கே இல்லை. ஆனாலும் தச்சர் சில அடி தள்ளி நின்று, பலகையின் போக்கில் கண்ணை ஓட்டி, அணியத்திலிருந்து அமரம்வரை அது எங்கும் முறியாமல் போகிறதா என்று பார்க்கிறார். ஐரோப்பியக் கட்டுமானத் தளங்களிலும் இதே பார்வைதான். பெரிய வரைகூடத்தின் தரையில் முழு அளவில் கோடு வரைய, வளையும் மரக்கீற்றை எடைகளால் பிடித்துவைத்து, அதன் போக்கைக் கண்ணால் சோதித்தார்கள். அந்தக் கீற்றின் பெயரையே 1946இல் கணிதவியலாளர் ஐசக் ஷோன்பெர்க் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். இன்று கணினியில் வளைகோடு வரைபவர்கள் சொல்லும் ஸ்ப்லைன் அதுதான்.

ஆகவே கை செய்வதை விட்டுவிட்டு, கண் தேடுவதைப் பெயராக வைக்கலாம் என்கிறேன். என் பரிந்துரை ‘வளைவோட்டம்’. செய்கையைச் சொல்ல ‘ஓட்டம் பார்த்தல்’, ‘ஓட்டம் திருத்துதல்’ என்று இரண்டு வினை. கொத்தனார் மட்டம் பார்க்கிறார், தூக்கு பார்க்கிறார்; அந்த வரிசையில் ஓட்டம் பார்ப்பது இயல்பாக உட்காருகிறது. மேலே படியவைக்கும் கீற்றுக்கு ‘ஓட்டக்கீற்று’ என்று தனிப் பெயரே கிடைத்துவிடும். திருத்துதல் என்பதால் தேய்ப்பதும் சீவல் ஒட்டுவதும் இரண்டுமே உள்ளே வரும்.

கிள்ளான் நண்பர் தனிமடலில் ஒரு தடை சொன்னார்: கப்பல் என்றாலே ஓட்டம் என்பது கடலில் ஓட்டுவது ஆகாதா? நியாயமான கேள்வி. அதனால்தான் பெயர்ச்சொல்லில் ‘வளைவு’ சேர்த்தேன். வினையாக வரும்போது ‘பார்’, ‘திருத்து’ இரண்டும் குழப்பத்தைத் தீர்த்துவிடும். யாரும் கப்பலோட்டத்தை உப்புத்தாளோடு திருத்தப் போவதில்லை. மின்னோட்டம், நீரோட்டம் எல்லாம் முன்னொட்டால் பிரிந்து நிற்பதுபோல் இதுவும் நிற்கும்.

பெட்டிகளில் வங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘பல்க்ஹெட்’ பற்றி ஒரு வரி. உண்மைக் கப்பலில் அது அறைகளைப் பிரிக்கும் தடுப்புச்சுவர். மாதிரிப் பெட்டியில் அது எதையும் தடுப்பதில்லை, உடலுக்கு வடிவம் தருகிறது, அவ்வளவே. வங்கு என்றே வைத்துக்கொள்வோம்.

சொல் நிற்குமா என்பது வாக்கியத்தில் தெரியும். கையேட்டின் அந்தப் பக்கத்தைப் புதுச் சொற்களோடு எழுதிப் பார்த்தேன்:

“பலகை பாவும் முன் ஓட்டம் பாருங்கள். ஓட்டக்கீற்றை அணியத்திலிருந்து நடுவரை படியவைத்து, ஒவ்வொரு வங்கிலும் முழு விளிம்பும் தொடுகிறதா என்று கவனியுங்கள். ஏராவின் இருபுறமும் மாறி மாறிப் பாருங்கள். எகிறும் வங்கைத் தனியே தேய்க்காதீர்கள். நீளமான பட்டைக்குச்சியில் 120 எண் உப்புத்தாள் ஒட்டி, பக்கத்து வங்குகளையும் சேர்த்து மெதுவாக இழுங்கள். ஒரு வங்கு பள்ளமாக இருந்தால் சீவல் ஒட்டி, பசை நன்றாகக் காய்ந்தபின் ஓட்டம் திருத்துங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மரப்பசைக்கு ஓர் இரவாவது விடுவது நல்லது. அணியத்தில் முதல் இரண்டு வங்குகளுக்கு இடையே பால்சா கட்டைகளை நிரப்பி, அவற்றையும் சேர்த்து வளைவோட்டம் கொண்டுவந்தால், கீற்று திடீரென்று திரும்பும் இடத்தில் உடையாது.”

முதல் கப்பலாக 104 பீரங்கி கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் விக்டரியின் மாதிரியை வாங்கிவைத்திருப்பவர்கள் அதை அலமாரியிலேயே வைத்துவிட்டு, வங்கு குறைவான ஒற்றைப் பாய்மரப் படகில் இந்தப் பக்கத்தைச் செய்து பார்க்க வேண்டுகிறேன். மேலே உள்ள வாக்கியங்களில் எந்த இடத்தில் கை தயங்கியது, எந்தச் சொல்லை இரண்டாம் முறை படிக்க வேண்டியிருந்தது என்று எழுதுங்கள். ‘ஓட்டக்கீற்று’ கனமாக இருந்தால் ‘ஓட்டக்குச்சி’ என்றும் வைக்கலாம். எனக்கு இரண்டும் சம்மதமே.